நாற்காலியில் உட்கார்ந்திருந்த இன்பா

பள்ளிக்கூடங்களை எல்லாம் பூட்டிவிட்டு, பிள்ளைகளின் படிப்பை ஆளுக்கொரு போனுக்குள் போட்டுக் கொடுத்திருந்த அந்த வருஷத்தில், தூத்துக்குடி ஹவுசிங் போர்டு சி பிளாக்கின் முதல் மாடியில் குடியிருந்த பிலோமி, நைட்டிக்கு மேல் போட்டிருந்த ஷாலை உருவி, தன் ஒரே மகள் இன்பன்டாவை நாற்காலியோடு சேர்த்துக் கட்டினாள்; கட்டிவிட்டு, விசில் அடித்துக்கொண்டிருந்த குக்கரை அணைக்கப் போய்த் திரும்பி வருவதற்குள் அவளுக்கு இரண்டு மகள்கள் ஆகியிருந்தார்கள்.

கட்டினாள் என்றதும் கொடுமைக்காரி என்று முடிவுக்கு வந்துவிடுகிறவர்கள், ஒன்பது வயதுப் பிள்ளை ஒன்றை, அதுவும் இன்பா மாதிரி ஒரு பிள்ளையை, உள்ளங்கை அகலப் போனுக்கு முன்னால் காலையிலிருந்து மத்தியானம் வரை உட்கார வைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் வந்து பேசட்டும். இன்பா நல்ல பிள்ளை. யார் வீட்டுக் கதவு திறந்திருந்தாலும் உள்ளே போய் என்ன குழம்பு என்று கேட்பாள், தெருநாய்க்கெல்லாம் பெயர் வைப்பாள், யாராவது அழுதால் காரணம் கேட்காமல் கூட உட்கார்ந்து அழுவாள். ஆனால் எழுத்து மட்டும் அவளிடம் தங்கவில்லை. இன்றைக்குச் சொல்லிக் கொடுத்தது நாளைக்கு இருக்காது. நாளைக்குத் திரும்பச் சொல்லிக் கொடுத்தால் முதல் தடவை பார்ப்பதுபோலச் சந்தோஷமாகப் பார்ப்பாள். பாளையங்கோட்டையில் காட்டிய டாக்டர், இது கற்றல் குறைபாடு, வியாதி இல்லை, பொறுமையாகத்தான் சொல்லித் தர வேண்டும் என்றார். அந்தப் பொறுமை எந்த மெடிக்கலில் கிடைக்கும் என்பதை மட்டும் அவர் சீட்டில் எழுதித் தரவில்லை.

பள்ளிக்கூடம் திறந்திருந்தவரை ஆக்னஸ் மிஸ் இருந்தார். இன்பா மாதிரிப் பிள்ளைகளுக்கென்றே வைத்திருந்த டீச்சர் அவர். பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு கையை இன்பாவின் முதுகில் வைத்துக்கொண்டு, தட்டில் பரப்பிய ரவையில் எழுத்தை எழுதிக் காட்டுவார். முதுகில் அந்தக் கை இருக்கிறவரைக்கும் இன்பா உட்கார்ந்திருப்பாள். பள்ளிக்கூடத்தை மூடியதும் ஆக்னஸ் மிஸ்ஸும் போனுக்குள் வந்துவிட்டார், கழுத்து வரைக்கும். முதல் நாள் இன்பா போனைத் தூக்கிப் பின்பக்கம் திருப்பி, மிஸ்ஸின் மிச்சத்தைத் தேடினாள். அங்கே ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் எழுந்து போய்விட்டாள். அன்றைக்கு எழுந்தவள்தான்.

பள்ளிக்கூடத்தின் சட்டம் என்னவென்றால், கேமராவில் பிள்ளையின் முகம் தெரிய வேண்டும், தெரியாவிட்டால் ஆப்சென்ட். கிளாஸ் மிஸ் பாடத்தை நிறுத்திவிட்டு, "இன்பன்டா மதர், உங்க பிள்ளை சீட்லயே இல்லையே" என்பார், அது எல்லாப் பெற்றோர் வீட்டிலும் கேட்கும். பிலோமி ஜாக்கெட் தைக்கிறவள். ஒரு கண்ணை ஊசியிலும் ஒரு கண்ணைப் பிள்ளையிலும் வைத்துத் தைத்ததில் விரலில் ஊசி ஏறியது; யாரோ ஒருத்திக்கு வலக்கையைவிட இடக்கை நீளமாக ஜாக்கெட் வந்தது; தலை சீவினால் சீப்போடு கொத்துக் கொத்தாக முடி வந்தது. உக்காரு, உக்காரு என்று அவள் போட்ட சத்தத்தில், தன் வீட்டுக் கைக்குழந்தை அம்மா என்று சொல்வதற்கு முன்னால் உக்காரு என்றுதான் சொல்லிற்று என்று கீழ்வீட்டுக் கோமதி இன்றைக்கும் சத்தியம் செய்வாள். அப்புறம் ஒருநாள் தலைமை ஆசிரியையான சிஸ்டரே கூப்பிட்டு, மிகவும் தன்மையாக, இன்பன்டாவுக்கு ஒத்து வருகிற மாதிரி வேறு பள்ளிக்கூடம் ஏதாவது பார்க்கலாமே என்றார். ஏற்கெனவே ஒரு பள்ளிக்கூடம் அந்தப் பிள்ளையைக் கைகழுவியிருந்தது. இதுவும் போனால் இந்த ஊரில் வேறு எந்தக் கதவும் இல்லை என்பது பிலோமிக்குத் தெரியும். மறுநாள் காலையில்தான் ஷாலை உருவினாள்.

குக்கரை அணைத்துவிட்டு வந்து பார்த்தால் பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, கண்ணை எடுக்காமல் போனைப் பார்த்துக்கொண்டிருந்தது. "இன்பன்டா" என்று மிஸ் கூப்பிட, "பிரசன்ட் மிஸ்" என்றது. பிலோமிக்குக் கண் கலங்கிவிட்டது. மாதாவே என்று நெஞ்சில் கை வைத்தாள். அந்த நேரத்தில் கீழே தண்ணீர்த் தொட்டிப் பக்கமிருந்து இன்பாவின் சிரிப்புச் சத்தம் வந்தது. பால்கனிக்குப் போய் எட்டிப் பார்த்தாள். அங்கே இன்பா ஒரு நாயின் காதைத் தூக்கிப் பிடித்து அதற்குள் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். பிலோமி நாற்காலியைப் பார்த்தாள், கீழே பார்த்தாள், திரும்பவும் நாற்காலியைப் பார்த்தாள். வேறு யாராக இருந்தாலும் வீறிட்டிருப்பார்கள். பிலோமி வாயைப் பொத்திக்கொண்டாள், கத்தினால் கிளாஸில் எல்லோருக்கும் கேட்டுவிடும்.

மத்தியானம் அவள் புருஷன் ஸ்டான்லி வந்தான். அவன் பேக்கரியில் மக்ரூன் போடுகிறவன். முட்டை வெள்ளையை அடித்து அடித்துத் தோள் வீங்கி, வீட்டுக்கு வந்ததும் படுத்தால் போதும் என்று இருப்பவன். வாசலில் ஒரு இன்பா அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டாள், உள்ளே ஒரு இன்பா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அவன் கொஞ்ச நேரம் செருப்போடு நின்றான்.

"இது யாரு?" என்றான்.

"இன்பாதான்."

"அப்ப இது?"

"இதுவும் இன்பாதான். நான் கட்டுனேன். இவ நழுவிப் போயிட்டா, அவ இருந்துட்டா."

"அவுத்து விட்டுப் பாத்தியா?"

"அவுத்துட்டா அவளும் ஓடிட்டான்னா?" என்றாள் பிலோமி. "இன்னைக்குத்தான் ஒரு தடவகூட அந்த மிஸ் இன்பன்டா மதர்னு என்னக் கூப்பிடல. ஏங்க, ஒரு வாரம். ஒரே ஒரு வாரம் இப்படியே இருக்கட்டுமே."

ஸ்டான்லி நாற்காலியை மட்டும் கொஞ்சம் நகர்த்தி, ஜன்னல் பக்கமாகத் திருப்பி வைத்தான், கிளாஸ் இல்லாத நேரத்தில் சுவரையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம் என்று.

எங்கள் சி பிளாக்கில் ரகசியம் என்று ஒன்று தங்கியதே இல்லை. சாயங்காலத்துக்குள் கோமதி வந்தாள், அவளுக்குப் பின்னால் மாடி மாடியாக எல்லோரும் மாஸ்க்கைத் தாடையில் இறக்கிவிட்டுக்கொண்டு வந்தார்கள். நாற்காலியில் இருந்தவளின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார்கள். சூடும் இல்லை, குளிர்ச்சியும் இல்லை. சோறு ஊட்டினால் வாய் திறக்கவில்லை. புத்தகத்தை வைத்தால் அச்சு மாதிரி எழுதியது. இரண்டு நாள் இதே பேச்சாக இருந்தது. மூன்றாம் நாள் மோட்டார் ரிப்பேராகித் தண்ணீர் வராமல் போனதும் பேச்சு அங்கே போய்விட்டது. வீடு வீடாகக் காய்ச்சல் பார்க்க வருகிற மாநகராட்சிப் பெண் சூடு பார்க்கும் துப்பாக்கியை இருவரின் நெற்றியிலும் பிடித்தாள், இருவருக்கும் நார்மல் என்று வந்தது, அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள். பங்குச் சாமியாரிடம் போய்ச் சொன்னார்கள். அவர் படியேறி வந்து, வாசலில் நின்றபடியே பார்த்து, "பூசையில இப்படி ஒருத்தராவது அசையாம உக்காந்து நான் பாத்ததில்ல" என்று சொல்லி, இரண்டு பேர் தலைக்கும் மேலாகச் சிலுவை போட்டுவிட்டு இறங்கினார்.

ஆச்சரியம் போன இடத்தில் ஆசை வந்தது. கோமதியின் மூத்தவன் கிளாஸ் நேரத்தில் கட்டிலுக்கடியில் படுத்துத் தூங்குகிறவன். "ஏட்டி பிலோமி, அந்த ஷாலக் கொஞ்சம் குடேன்" என்று கோமதி கேட்டாள். அது பிள்ளையைக் கட்டியிருக்கிறது, தர முடியாது என்றதும், அதே ஷால் கிடையாதா, அதே கலரில் வேறு இருக்குமா, முடிச்சு முன்னால் போட்டாயா பின்னால் போட்டாயா, போடும்போது என்ன சொன்னாய் என்று குடைந்து எடுத்துவிட்டாள். அடுத்த நாள் காலையில் சி பிளாக் முழுவதும் ஷால்கள் உருவப்பட்டன. பிள்ளைகள் கட்டப்பட்டன. பிள்ளைகள் அலறின, நாற்காலியோடு விழுந்தன, ஒன்று அம்மாவின் கையைக் கடித்தது. இரண்டாவது பிள்ளை யாருக்கும் கிடைக்கவில்லை. எல்லோருக்கும் பிலோமி மேல் பொறாமையாக இருந்தது. இந்தப் பொறாமை பிலோமிக்குப் புதிது. இதுவரை அவளைப் பார்த்து, பாவம் என்று உச்சுக் கொட்டியவர்கள்தான் எல்லோரும்.

ஒரு வாரம் என்று சொன்னது, வாரங்களாகிப் பிறகு மாதங்களாயிற்று. நாற்காலிக்காரி கேள்விக்கெல்லாம் பதில் சொன்னாள். கிளாஸ் மிஸ் எல்லோர் முன்னாலும், "இன்பன்டாவப் பாருங்க, எவ்வளவு இம்ப்ரூவ்மென்ட்" என்றார், அதுவும் எல்லோர் வீட்டிலும் கேட்டது. பிலோமி தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள். வெகுநாளைக்கு அப்புறம் மதியம் படுத்துத் தூங்கினாள். பண்டிகைக்குத் தைத்த புது கவுனைக் கட்டை அவிழ்க்காமலே முதுகுப்புறம் பிரித்து நாற்காலிக்காரிக்கே போட்டாள், கிளாஸில் தெரிகிறது அவள்தானே. மஸ்கட்டில் இருக்கிற நாத்தனார் வீடியோவில் வந்தால் போனை நாற்காலிக்கு நேரே நீட்டினாள். நாத்தனார், பிள்ளை எவ்வளவு அடக்கமாக மாறிவிட்டாள் என்று பூரித்துப் போனாள். பின்னாலே ஓடிய இன்னொருத்தியைப் பார்த்து, அது யாரு பக்கத்து வீட்டுப் பிள்ளையா என்று கேட்டபோது, பிலோமி ஆமாம் என்று சொல்லிவிட்டாள். திரும்ப அழைத்துத் திருத்தவில்லை.

ஆக்னஸ் மிஸ் மட்டும் சந்தோஷப்படவில்லை. வாரம் ஒருமுறை தனியாக வருகிற கிளாஸில், நாற்காலிக்காரி எல்லாவற்றையும் தப்பில்லாமல் எழுதிக் காட்டியபோது, அவர் கேமராவுக்குக் கிட்டே குனிந்து பார்த்தார்.

"பிலோமி," என்றார், "இவ ஏன் எங்கிட்ட ஒண்ணுமே கேக்க மாட்டேங்கா? தப்பு வந்தா இன்பா அழுவாளே. இவளுக்குத் தப்பும் வரல, அழுகையும் வரலையே."

"நல்லதுதான மிஸ்?"

"தெரியல பிலோமி. எனக்கு என்னமோ பயமா இருக்கு."

பிலோமிக்குக் கோபம் வந்தது. படிக்காதபோதும் குற்றம், படித்தாலும் குற்றமா என்று சாயங்காலம் வரைக்கும் பாத்திரங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆனால் ஆக்னஸ் மிஸ்ஸின் பயம் போனிலிருந்து இறங்கி வீட்டுக்குள் நடமாடத் தொடங்கிவிட்டது. வெளியே திரிகிறவளின் காலில் கண்ணாடிச் சில்லு ஏறியது. அவள் அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, ரத்தத்தில் பதிந்த தன் காலடிகளைப் பார்த்துச் சிரித்தாள். வெறிபிடித்ததென்று எல்லோரும் கதவடைத்த நாயின் வாயில் கை விட்டாள். மோட்டார் ரூமில் தொங்கிய வயரைப் பிடித்து ஆடப் போனவளைக் கோமதி இழுத்து வந்து, "இதுக்குப் பயம்னா என்னன்னே விட்டுப்போச்சு பிலோமி, வலியும் தெரியல, நீ இதப் பாக்கியா, இல்ல அதையே பாத்துட்டு இருக்கியா?" என்று கத்தினாள். பிலோமி அடித்தாள். அடி வாங்கியவள் அடித்த கையை வேடிக்கை பார்த்தாள். அதைவிட மோசமானது அடுத்த நாள் நடந்தது. சாப்பிடக் கூப்பிடுவதற்காகப் பால்கனியிலிருந்து "இன்பா" என்று குரல் கொடுத்தபோது கீழே இருந்தவள் திரும்பவில்லை. உள்ளே நாற்காலியில் இருந்தவள் திரும்பிப் பார்த்தாள்.

அன்றைக்குப் பிலோமி பெட்டியிலிருந்து இன்னொரு ஷாலை எடுத்தாள். ஸ்டான்லி அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அவளையும் கட்டுவியா?"

"ஏங்க, செத்துப் போவா. இப்படியே விட்டா ஒருநா செத்துப் போவா."

"அவளையும் கட்டுனா மூணாவதா ஒருத்தி வருவா. அவள எங்க கட்டுவ?"

இரண்டு பேரும் அந்த ஷாலின் இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். நாற்காலிக்காரி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முடிச்சை அவிழ்ப்பதைப் பற்றி ஸ்டான்லி திரும்பவும் சொன்னான். சிஸ்டர் வைக்கப் போகிற பரீட்சை முடியட்டும் என்றாள் பிலோமி. பாஸ் என்று ஒரு வார்த்தை வந்துவிட்டால் அடுத்த வருஷத்துக்கு இடம் நிச்சயம், பள்ளிக்கூடம் திறந்துவிடும், ஆக்னஸ் மிஸ் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார், அப்புறம் எல்லாவற்றையும் அவிழ்த்துவிடலாம். அவள் கெட்டவள் இல்லை. விட்டுவிட்டால் திரும்பக் கிடைக்காது என்று எதையோ பிடித்துக்கொண்டிருந்தாள், எதைப் பிடித்திருக்கிறோம் என்று பார்க்கத்தான் அவளுக்கு நேரமில்லை.

தூத்துக்குடியில் உப்பு படியாத பொருள் கிடையாது. கடல் ஒரு பக்கம், உப்பளம் ஒரு பக்கம். ஜன்னல் கம்பி, மெஷின் சக்கரம், கேஸ் அடுப்பு, சிலுவையில் தொங்குகிற சேசுநாதர், எல்லாவற்றிலும் காலையில் வெள்ளையாக ஒரு பூச்சு இருக்கும். ஈரத்துணியால் துடைத்துவிட்டுத்தான் இந்த ஊர்ப் பெண்கள் அடுப்பையே பற்றவைப்பார்கள். பிலோமியும் அப்படித்தான், கம்பியைத் துடைப்பாள், மெஷினைத் துடைப்பாள், அதே துணியைத் திருப்பிப் பிடித்து நாற்காலிக்காரியின் கன்னங்களையும் துடைப்பாள். ஆடாமல் அசையாமல் ஒரே இடத்தில் இருக்கிற எதிலும் காற்று உப்பைக் கொண்டுவந்து போடும், பிள்ளையானாலும் போடும் என்று நினைத்துக்கொண்டாள். வேறு ஊர்க்காரியாக இருந்தால் பிள்ளை கன்னத்தில் இது ஏது என்று முதல் நாளே கேட்டிருப்பாள். இவள் கேட்கவில்லை.

ஐப்பசியில் புயல் என்றார்கள். கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் அடைத்து, இடுக்குகளில் பழைய துணியைத் திணித்து, சி பிளாக் முழுவதும் வீட்டுக்குள் கிடந்தது. வெறும் மழையாகக் கொட்டித் தீர்ந்தது. மழை விட்ட காலையில்தான் அந்தப் பரீட்சை, சிஸ்டர் போனில் வந்து இன்பன்டாவை நேரடியாகக் கேள்வி கேட்பதாக இருந்தது. அதற்கு முன்னால் வீட்டைத் துடைத்துவிடலாம் என்று பிலோமி துணியை நனைத்தாள். கம்பியில் துடைக்க ஒன்றும் இல்லை. மெஷின் சக்கரம் எண்ணெய் மினுக்கோடு சுத்தமாக இருந்தது. சேசுநாதரும் சுத்தமாக இருந்தார். பிள்ளையிடம் வந்தாள். இரண்டு கன்னத்திலும் கண்ணிலிருந்து தாடை வரைக்கும் வெள்ளையாகக் காய்ந்து கோடு போட்டிருந்தது.

பிலோமி விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். அடைத்துக் கிடந்த வீட்டுக்குள் காற்று எங்கிருந்து வந்தது என்று யோசித்தாள். இத்தனை மாதமும் காலையில் எழுந்து இதைத்தானே துடைத்தேன், மாதாவே, இதைத்தானே துடைத்துத் துடைத்துப் பிழிந்து ஊற்றினேன் என்று அவளுக்குள் ஒரு குரல் கூவியது.

போன் அடித்தது. ஸ்டான்லிதான் எடுத்து நாற்காலிக்கு முன்னால் சாய்த்து வைத்தான். "குட் மார்னிங் சிஸ்டர்" என்றாள் நாற்காலிக்காரி. சிஸ்டர் கேள்வியைத் தொடங்கிய அதே நேரம் மாடிப்படியில் தடதடவென்று கோமதி ஓடிவந்தாள்.

"ஸ்டான்லி தம்பி, ஓடியா! அவ மொட்டமாடி டேங்க் மேல ஏறிட்டா. விளிம்புல நடக்கா. பாசி புடிச்சுக் கிடக்கு. கூப்பிட்டா திரும்பிப் பாக்க மாட்டேங்கா!"

ஸ்டான்லி ஓடினான். பிலோமியும் வாசல் வரைக்கும் ஓடினாள், ஓடியவள் நின்றாள். மேலே போய் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவது? அந்தப் பெயருக்கு அவள் திரும்ப மாட்டாள். பயம் இருந்தால்தானே இறங்குவாள். அவளுடைய பயமும் வலியும் அழுகையும் மேலே இல்லை, இதோ இங்கே, கிளாஸ் நேரத்தில் பிலோமி போட்ட முடிச்சுக்குள் மாட்டிக்கொண்டு கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது. பிலோமி திரும்பி வந்து நாற்காலிக்குப் பின்னால் மண்டியிட்டாள். முடிச்சு ஈரத்தில் ஊறி இறுகியிருந்தது. நகம் பிய்ந்ததுதான் மிச்சம். மெஷின் மேலிருந்த கத்தரியை எடுத்தாள்.

"மிஸஸ் ஸ்டான்லி, பேரன்ட்ஸ் ரூம்ல இருக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கோம்" என்றார் சிஸ்டர். பிறகு போனுக்குள் குனிந்து பார்த்தார். "என்னம்மா அது? பிள்ளையக் கட்டியா வச்சிருக்கீங்க?"

"ஆமா சிஸ்டர்," என்றாள் பிலோமி, "கட்டித்தான் வச்சிருந்தேன்." வெட்டினாள்.

ஷால் இரண்டாக விழுந்தது. நாற்காலிக்காரி எழுந்திருக்கவில்லை. சிஸ்டரையே பார்த்துக்கொண்டிருந்த தலை மெதுவாகத் திரும்பியது. மடியில் கட்டியிருந்த கை பிரிந்து, தயங்கித் தயங்கி மேலே வந்தது, சுண்டுவிரல் மட்டும் நீட்டியபடி.

"மிஸ்," என்றாள் அவள், தன் அம்மாவைப் பார்த்து. "ஒண்ணுக்கு வருது மிஸ். ரொம்ப நேரமா வருது."

பிலோமி அலறிய அலறல் போன் வழியாகச் சிஸ்டர் அறை வரைக்கும் கேட்டிருக்கும். பிள்ளையை வாரித் தோளில் போட்டுக்கொண்டாள். "நான் மிஸ் இல்ல மக்களே, மிஸ் இல்ல, அம்மாட்டி, அம்மா" என்று சொல்லிக்கொண்டே படியேறினாள். தோளில் கிடந்த பிள்ளை அதற்குள் விம்மத் தொடங்கியிருந்தது. ஒவ்வொரு திட்டுக்கும், ஒவ்வொரு உக்காருவுக்கும், போனுக்குள் சிரித்த ஒவ்வொரு பிள்ளைக்கும் சேர்த்து அவள் கழுத்தில் முகத்தை வைத்து அழுதது, அழ அழச் சூடாகியது. பிலோமியின் இடுப்பு வழியாகவும் சூடாக ஈரம் இறங்கியது. "போ மக்களே, போயிரு, பரவால்ல" என்றாள். கதவுகள் திறந்தன, படிகளில் ஆட்கள் ஒதுங்கி நின்றார்கள், மாடிக்கு மாடி தோளில் பாரம் குறைந்துகொண்டே வந்ததை எல்லோரும் பார்த்தோம். மொட்டைமாடிக் கதவைத் தாண்டும்போது அவள் தோளில் நனைந்த யூனிபார்ம் மட்டும்தான் கிடந்தது.

டேங்கின் விளிம்பில் ஒரு காலைத் தூக்கி அடுத்த அடி வைக்கப் போன பிள்ளை அப்படியே நின்றது. கீழே பார்த்தது. அதன் முகம் கோணியது.

"யம்மா!" என்று இன்பா வீறிட்டாள். "யம்மா, பயமா இருக்கு! யம்மா!"

உட்கார்ந்து, இரண்டு கையாலும் ஏணிக் கம்பியைக் கட்டிக்கொண்டு, கால் நடுங்க, கவுன் நனைய, அவள் போட்ட கூப்பாடு ஹவுசிங் போர்டு முழுவதும் கேட்டது. ஸ்டான்லி ஏணியில் ஏறி அவளைப் பிரித்தெடுத்து இறக்கினான். அந்தக் காலில் எப்போதோ ஏறிய கண்ணாடிக்கும், வாங்கிய அடிக்கும் அவள் அப்போதுதான் அழுதாள். வழக்கமாகப் பிள்ளை அழுதால் வாயை மூடச் சொல்லுகிற எங்களில் ஒருவரும் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. கோமதி ஒரு துண்டைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மழைத்தண்ணீர் தேங்கிக் கிடந்த தரையிலேயே பிலோமி உட்கார்ந்தாள், மடியில் மகளை வைத்துக்கொண்டாள், முதுகில் கையை வைத்தாள். வெகுநேரம் கழித்துத்தான் விம்மல் அடங்கியது. கீழே, திறந்து கிடந்த வீட்டுக்குள்ளிருந்து, இன்பன்டா, இன்பன்டா என்று போன் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. பள்ளிக்கூடம் போய்விட்டது என்று பிலோமிக்குத் தெரியும். அந்தப் பயம் அப்படியேதான் இருந்தது, கொஞ்சமும் குறையவில்லை. இன்பாவுக்கும் போனின் சத்தம் கேட்டிருக்க வேண்டும், அம்மாவின் நைட்டியைக் கொத்தாகப் பிடித்தாள்.

"யம்மா, நான் போய் உக்காரணுமா?"

"வேண்டாம் மக்களே."

"கிளாஸ் முடிஞ்சிட்டா?"

"முடிஞ்சிட்டு" என்றாள் பிலோமி.